சூடேற்றிய அறையில் யோகா: முதல் வகுப்புக்குப் போகும் முன்

மூன்று வருடம் சாதாரண அறையில் ஆசனம் செய்த தைரியத்தில்தான் முதல் சூட்டு அறை வகுப்புக்குப் போனேன். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. உத்தானாசனத்தில், அதாவது நின்றபடியே முன்னால் குனியும் ஆசனத்தில், இருந்துவிட்டு நிமிர்ந்தேன். கண் இருட்டியது, காதுக்குள் ஒரு ரீங்காரம், அப்படியே யோகா மேட் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு நிமிர்தலைச் சரியாகச் செய்யப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

எந்த வகுப்பு?

பிக்ரம் முறை (எப்போதும் ஒரே வரிசையில் செய்யும் சூட்டு அறை யோகா) என்றால் சுமார் 40 டிகிரி செல்சியஸ், 40 சதவீத ஈரப்பதம், 90 நிமிடம், 2 மூச்சுப் பயிற்சிகளையும் சேர்த்து 26 பயிற்சிகள். மூச்சோடு சேர்த்து ஆசனத்துக்கு ஆசனம் நகரும் ஹாட் வின்யாசா வகுப்புகள் பெரும்பாலும் இதைவிடக் குறைந்த சூட்டில் நடக்கும். புதியவர்கள் 32 முதல் 35 டிகிரிக்குள், ஒரு மணி நேர வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே வேண்டாம். லேசான காய்ச்சல் இருந்தாலும் அன்றைக்கு விடுமுறைதான்.

சாமான்கள்

வியர்வையை உறிஞ்சாத ரப்பர் மேட், அதன் மேல் முழு நீள மைக்ரோஃபைபர் துண்டு. உறிஞ்சும் மேட் பிடிமானம் தரும், ஆனால் நாற்றம் போகாது; எனக்கு அது வேண்டாம். துண்டு காய்ந்திருந்தால் வழுக்கும். கையும் காலும் படும் நான்கு இடங்களில் முதலிலேயே தண்ணீர் தெளித்துவிடுங்கள். தொளதொள பருத்திச் சட்டை நனைந்து கனத்துவிடும், உடம்போடு ஒட்டிய மெல்லிய உடை நல்லது.

வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் போதும்.

நிமிரும் இடம்

சூட்டில் தோலுக்கு அடியில் உள்ள ரத்த நாளங்கள் விரிந்துவிடும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் அங்கே போகிறது. வியர்வையாக நீரும் போய்க்கொண்டே இருக்கும். இந்த நிலையில் இதயத்துக்குக் கீழே இருந்த தலையைச் சட்டென்று மேலே தூக்கினால், மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு சில நொடி குறைகிறது. கண் இருட்டுவது அதனால்தான்; பலவீனம் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

நான் இப்போது செய்வது இப்படி: முதலில் முழங்காலை மடக்குவேன். கைகளைத் தொடைமேல் வைத்து, முதுகைப் பாதி உயர்த்தி, இரண்டு மூச்சு அங்கேயே நிற்பேன். அப்புறம் பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்தி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கியபடி மெதுவாக எழுவேன். கடைசியாகத்தான் தலை வரும். பக்கத்தில் இருப்பவர்கள் அதற்குள் அடுத்த ஆசனத்துக்குப் போயிருப்பார்கள், போகட்டும்.

பார்வை மங்கினால் உடனே வெளியே ஓட வேண்டாம், நடக்கும்போதுதான் விழுவீர்கள். மேட்டிலேயே மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு ஆசிரியரைத் துணைக்குக் கூப்பிட்டு வெளியே போகலாம். குழப்பமான பேச்சு, வாந்தி, வியர்வை நின்றுபோவது இதெல்லாம் வேறு விஷயம். உடம்பைக் குளிர்வித்தபடியே அவசர மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும்.

இன்னொன்று. சூட்டில் உடம்பு இளகி, என்றைக்கும் எட்டாத இடம் எட்டும். நம்பாதீர்கள். குளிர்ந்த அறையில் எங்கே நிறுத்துவீர்களோ அங்கேயே முதல் சில வாரங்கள் நிறுத்துங்கள். பின்தொடைத் தசை இழுபட்டது மறுநாள்தான் தெரியும்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். அது ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது; துடைத்ததும் சொட்டியதும் வீண்தான். ஈரப்பதம் அதிகமான அறை அதே டிகிரியிலும் அதிகமாக வாட்டுவது இதனால்தான்.

பின்சேர்க்கை 1: வகுப்புக்குப் பிறகு தலைவலி வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதை ஒரே மூச்சில் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. உப்பு கலந்த பானத்தையோ, உப்புள்ள சாப்பாட்டோடு தண்ணீரையோ கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: வீட்டில் அறையைச் சூடாக்கலாமா என்ற கேள்விக்கு: மின்சார ஹீட்டர் மட்டும், அதுவும் நேராகச் சுவர் பிளக்கில். மூடிய அறையில் கரி அடுப்போ, கேஸ் ஹீட்டரோ கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மூச்சு வாங்கும் பயிற்சியில் அது வேகமாக உள்ளே போகும். வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டும் மீட்டர் ஒன்றை மேட் அருகில், உங்கள் தலை மட்டத்தில் வையுங்கள். தனியாக இருக்கும் நாளில் சூடேற்றாதீர்கள்.

பின்சேர்க்கை 3: ‘எப்போது பழகும்?’ ஏறக்குறைய தினமும் போனால் ஒன்று, இரண்டு வாரத்தில் உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், உப்பும் குறைவாகப் போகும். வாரம் ஒரு முறை போனால் அந்தப் பழக்கம் அவ்வளவாக வராது. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் போலவே நிதானமாகச் செய்யுங்கள்.