போருக்குச் சொல்லும் காரணம்: வாதிடும்போது நாம் தவறும் இடங்கள்

சமூக மன்றத்தின் மேல்மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்நிலை மாணவர்களுக்குத் தமிழ் விவாதப் பயிற்சி கொடுக்கிறேன். அண்மையில் நான் கொடுத்த தலைப்பு, "போர் தொடுக்கத் தலைவர்கள் சொல்லும் காரணங்களை மக்கள் நம்பலாமா?" முதலில் எழுந்த மாணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எல்லாத் தலைவர்களும் பொய்தான் சொல்வார்கள்." அறையே கைதட்டியது. அதன் பிறகு அவருக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. பேச ஒன்றும் இல்லை.

அந்தக் கைதட்டல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூரின் தேக்கா கோப்பிக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பெரியவர்கள் நாம் செய்வதும் இதுதான். எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டால் எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை. பொய் சொல்கிற தலைவருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

பொய், பிழை, மிகை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டுவதுதான் நம் முதல் தவறு. ஈராக்கை எடுத்துக்கொள்வோம். 2003 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் ஐநா பாதுகாப்பு மன்றத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை விரல்களுக்கிடையே பிடித்துக் காட்டினார். ஆந்திராக்ஸ் கிருமித் தூள் இவ்வளவு இருந்தாலே என்ன ஆகும் என்று விளக்குவதற்கான மாதிரி அது. ஈராக்கில் கண்டெடுத்த பொருள் அன்று. ஆனால் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மனத்தில் அந்தக் குப்பியே சான்றாகப் பதிந்துவிட்டது. அதே உரையில், கிருமி ஆயுதம் செய்யும் நடமாடும் கூடங்கள் ஈராக்கில் இருப்பதாகவும் சொன்னார். அந்தத் தகவலுக்கு முக்கிய ஆதாரம், ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்த ஓர் ஈராக்கியர். தாம் சொன்னது கட்டுக்கதை என்று அவரே 2011இல் ஒப்புக்கொண்டார்.

இங்கே பொய் சொன்னவர் யார்? தகவல் கொடுத்தவர் பொய் சொன்னார். உளவுத்துறை அதைப் போதிய அளவு சோதிக்காமல் ஏற்றது. அரசியல் தலைமை அதற்குத் தகுதியில்லாத உறுதியை ஏற்றி உலகத்தின் முன் வைத்தது. அமெரிக்காவுடன் சேர்ந்து படையெடுத்த பிரிட்டனில் ஜான் சில்கட் தலைமையிலான விசாரணை 2016 ஜூலையில் இதைத்தான் எழுதியது: ஈராக்கின் ஆயுதங்களால் வரும் ஆபத்து, நியாயப்படுத்த முடியாத உறுதியுடன் மக்களுக்குச் சொல்லப்பட்டது, அமைதி வழிகள் முழுவதும் தீருமுன்பே படையெடுப்பு நடந்தது. அன்றைய பிரதமர் டோனி பிளேர் பொய் சொன்னார் என்று அந்த அறிக்கை தீர்ப்பளிக்கவில்லை. அதனால் குற்றம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இருக்கலாம் என்பதை இருக்கிறது என்று மாற்றிச் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை உயிர்கள் போயின! ஆனால் இது பொய்யைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான தவறு. "பொய்யர்" என்று கத்துகிறவர் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அதே ஈராக்கில்தான் இரண்டாவது தவறும் இருக்கிறது. ஆயுதக் கிடங்குகள் இல்லை என்று தெரிந்த பிறகு பேச்சு மெல்ல நகர்ந்தது. கொடுங்கோலர் சதாம் உசேனை நீக்கியது நல்லதுதானே, மக்களாட்சி வந்ததே என்றார்கள். அவை விவாதிக்கத் தக்கவையே. ஆனால் போருக்கு முன் மக்களிடம் ஒப்புதல் கேட்டபோது முன்னால் நின்ற காரணம் ஆயுதம். நான் மாணவர்களிடம் ஒரு குறிப்பேடு வைக்கச் சொல்கிறேன். காரணத்தை எழுதும்போது, அது சொல்லப்பட்ட நாளையும் பக்கத்தில் எழுத வேண்டும். நாள் இல்லாவிட்டால் பழைய காரணம் போய்ப் புதியது வந்து உட்காருவது கண்ணுக்கே தெரியாது.

விளைவைக் காட்டிக் காரணத்தை நிறுவுவது இதன் உடன்பிறப்பு. நம் வட்டாரத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இன்றுவரை ஆறாத புண் அது. 1978 டிசம்பரில் வியட்னாம் கம்போடியாவுக்குள் படை அனுப்பியது. 1979 ஜனவரி 7ஆம் தேதி புனோம் பென் வீழ்ந்தது. பதினேழு லட்சம் பேர்வரை மாண்டதாக மதிப்பிடப்படும் போல் போட் ஆட்சி அத்துடன் முடிந்தது. அந்த மக்களுக்கு அது விடுதலை என்பதை மறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் வியட்னாம் அன்று முன்வைத்தது மீட்புப் பணி என்ற காரணத்தை அன்று. போல் போட்டின் கெமர் ரூஜ் படைகள் எல்லை தாண்டி வியட்னாமியக் கிராமங்களில் படுகொலை செய்துவந்தன. அதற்கு எதிரான தற்காப்பு என்றும், போல் போட்டைக் கவிழ்த்தவர்கள் கம்போடியர்களே என்றும்தான் சொன்னது. சிங்கப்பூரும் ஆசியானும் படையெடுப்பை எதிர்த்தன. பெரிய அண்டை நாடு படையோடு வந்து சிறிய நாட்டின் அரசாங்கத்தை மாற்றலாம் என்பதை ஒருமுறை ஏற்றால், அடுத்த முறை நம் வாசலில் என்ன சொல்வோம் என்பது நம் கவலை. ஆனால் அந்த எதிர்ப்பின் விலையாக, கொலைகார ஆட்சியின் பிரதிநிதிகள் ஐநா இருக்கையில் தொடர்ந்து அமர்ந்தார்கள். 2019இல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் தாய்லாந்தின் முன்னாள் பிரதமருக்கான இரங்கல் செய்தியில் அதைப் படையெடுப்பு என்று குறிப்பிட்டபோது கம்போடியாவும் வியட்னாமும் ஆட்சேபித்தன. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும்! போர் சட்டப்படி சரியா, சொன்ன காரணம் உண்மையா, விளைவு நல்லதா என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று வேறு விடைகள் வரலாம். ஒரு விடையை வைத்து மற்ற இரண்டையும் மூடக் கூடாது.

பேசுகிறவர் யார் என்று பார்த்துக் காரணத்தை எடைபோடுவது எல்லாரும் செய்கிற தவறு. நமக்குப் பிடித்த நாடு சொன்னால் தற்காப்பு, பிடிக்காத நாடு சொன்னால் ஆக்கிரமிப்பு. 1983இல் அமெரிக்கா கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்குள் புகுந்தபோது, நட்பு நாடு என்று பார்க்காமல் சிங்கப்பூர் அதைக் கண்டிக்கும் ஐநா தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தபோது தடைகளே விதித்தது. 2003இலோ ஈராக் போரில் அமெரிக்காவுடன் நின்ற நாடுகளின் பட்டியலில் இருந்தது. மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். நம் நாடு என்பதற்காக மூன்றாவதை விட்டுவிடக் கூடாது.

சொற்களை அப்படியே கடன் வாங்குவதும் ஆபத்து. ரஷ்யா சொன்னது "சிறப்பு ராணுவ நடவடிக்கை". 1937இல் ஜப்பானுக்குச் சீனப் போர் வெறும் "சம்பவம்". 2009இல் இலங்கை அரசு "மனிதாபிமான மீட்பு நடவடிக்கை" என்றது. அதன் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று ஐநா தலைமைச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது. 1963இல் இந்தோனேசியா நம்மீது நடத்தியதற்கும் "கொன்ஃபிரொந்தாசி", அதாவது மோதல், என்றே பெயர். அப்போது சிங்கப்பூரும் சேர்ந்திருந்த மலேசியா, பிரிட்டிஷ் காலனியத்தின் மறுவடிவம் என்பது அதற்குச் சொன்ன காரணம். 1965 மார்ச் 10ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டானல்ட் ஹவுஸில் இந்தோனேசியர்கள் வைத்த குண்டு வெடித்து 3 பேர் இறந்தார்கள், 33 பேர் காயமடைந்தார்கள். அவர்களில் எவரும் காலனியம் அல்லர். அன்றாட வேலையாக அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள். மாணவர்களை அழைத்துச்சென்று அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தின் எதிரே நிறுத்திக் காட்டியிருக்கிறேன். தலைவர் தந்த சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். நடந்ததை உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

விளக்குகிறவரை ஆதரவாளர் என்று முத்திரை குத்துவதும் அடிக்கடி நடக்கிறது. ரஷ்யா மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவைப் பற்றி ஏன் அஞ்சுகிறது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவர் படையெடுப்பை நியாயப்படுத்துகிறார் என்று பொருளில்லை. விளக்கம் வேறு, நியாயம் வேறு.

"தற்காப்பு" என்ற சொல்லோடு பேச்சை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஐநா சாசனத்தின் 51ஆம் பிரிவு, ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. எடுத்த நடவடிக்கையை உடனே பாதுகாப்பு மன்றத்துக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தாக்குதல் நடந்ததா என்பதே.

அதைக் கேட்க விடாமல் செய்வது அவசரம். 1964 ஆகஸ்ட் 2ஆம் தேதி டோங்கின் வளைகுடாவில் வட வியட்னாமியப் படகுகள் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கின, அது உண்மை. 4ஆம் தேதி இரவு மீண்டும் தாக்கின என்று அதிபர் ஜான்சன் அறிவித்தார். இருட்டு, மோசமான வானிலை, குழப்பமான ரேடார் தடங்கள். அன்றிரவு தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்று அமெரிக்க உளவு அமைப்பின் சொந்த வரலாற்றாய்வே சொல்கிறது. அது 2005இல்தான் வெளியிடப்பட்டது. ஆனால் 1964இல் மூன்றே நாளில், ஆகஸ்ட் 7ஆம் தேதி, படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மேலவையான செனட்டில் ஆதரவு 88, எதிர்ப்பு 2. எதிர்த்த வெய்ன் மோர்ஸும் எர்னெஸ்ட் குருனிங்கும் 1968இல் தங்கள் இடங்களை இழந்தார்கள். தீர்மானம் 1971 ஜனவரியில் ரத்தானது. வியட்னாம் போர் அப்போதும் நடந்துகொண்டிருந்தது.