மீட்கப்பட்ட நாயை வீட்டுக்குப் பழக்குதல்

தெருவிலிருந்து மீட்கப்பட்டு வீட்டுக்கு வரும் நாட்டு நாய், முதல் சில நாள்கள் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்து, வைத்த சோற்றைத் தொடாமல், வீட்டார் உறங்கிய பின்னரே எழுந்து தின்னக்கூடும். அதை வெளியே இழுக்க வேண்டாம். ஆள்நடமாட்டம் குறைந்த மூலையில் பழைய சாக்கை மடித்து விரித்து, அருகில் தண்ணீர் வைத்து, சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டில் அமர்ந்திருங்கள். உற்றுப் பார்ப்பதையும் தலைக்கு மேல் கை நீட்டுவதையும் அது மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். உறவினரை அழைத்துக் காட்டும் ஆசையை இரண்டு வாரமாவது அடக்கிக்கொள்வது நல்லது.

பழகிய உணவையே முதலில் கொடுத்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. காது நுனியில் வெட்டுக்குறி இருந்தால் பெரும்பாலும் கருத்தடை முடிந்திருக்கும். ஆனால், வெறிநோய்த் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, தவணை தவறாமல் போட வேண்டும்.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அடிக்காதீர்கள். சாப்பிட்டவுடனும் தூங்கி எழுந்தவுடனும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும் நாய்கள் உண்டு என்பதால், மார்புப்பட்டையே பாதுகாப்பு. குக்கர் விசிலுக்குப் பதறி ஓடினால், அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து தள்ளிவைத்து, ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்துப் பாருங்கள்.