பர்ஸ் தொலைவதற்கு முன்னால்

போன வருடம் பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்துவிட்டு லைசென்ஸ் நம்பர்கூடத் தெரியாமல் முழித்தவன் நான், அதனால் சொல்கிறேன், இன்றைக்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் லேமினேஷன் பளபளத்து, சொல்லி வைத்தாற்போல நம்பர் இருக்கும் இடத்தில்தான் வெள்ளையடிக்கும். பென்டிரைவில் ஒரு பிரதி, கிளவுடில் ஒரு பிரதி, இரண்டுக்கும் பாஸ்வேர்டு. நெட்டில் டவுன்லோடு செய்யும் இ-ஆதார் ஃபைலோடு வரும் பாஸ்வேர்டை நம்பாதீர்கள்: ஆங்கிலப் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும்தானே, சொந்தக்காரர் யாரும் திறந்துவிடுவார்.

அப்புறம் டிஜிலாக்கர், ஆவணங்களை வைத்துக்கொள்ள அரசாங்கம் தரும் ஆப். நாமே ஏற்றும் ஸ்கேன் அதில் வெறும் படம்தான். லைசென்ஸ், ஆர்சி போல துறையிலிருந்து நேராக வரவழைக்கும் ஆவணம் மட்டுமே அசலுக்குச் சமம், போலீஸ் வண்டியை நிறுத்தினால் அந்த லைசென்ஸ், ஆர்சியைக் காட்டலாம்.

ஜெராக்ஸ் கொடுத்தால் குறுக்கே 'சிம் கார்டுக்கு மட்டும்' என்று காரணத்தை எழுதி, தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். லாட்ஜுக்குக் கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதார் போதும். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்தீர்களா? சரி, அவர் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலை அழிக்கும்வரை நின்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.