அடிக்கடி வேலை மாறியவர் பிரைவேட் ஈக்விட்டிக்குள் நுழைவது எப்படி?

நான்கு ஆண்டுகளில் மூன்று வங்கிகள். இப்படி ஒரு ரெஸ்யூமே வந்தால், பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டில் இருப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி, "இவர் நம்மிடம் எத்தனை நாள் இருப்பார்?" என்பதுதான். திறமை பற்றிய கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில், அதாவது நிறுவனங்களை வாங்க, விற்க, பணம் திரட்ட ஆலோசனை சொல்லும் வங்கிகளில், அனலிஸ்ட்டாகவோ (தொடக்கப் பதவி) அசோசியேட்டாகவோ (அதற்கு அடுத்தது) இருந்து, அந்த முதல் கேள்வியிலேயே நின்றுவிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

பிரைவேட் ஈக்விட்டி ஃபண்ட், ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெரிய முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டுகிறது. ஒரு ஃபண்டின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டுகள். அந்தப் பணத்தில் நிறுவனங்களை வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை வைத்திருந்து, வளர்த்து, விற்கும். லாபத்தில் ஃபண்டை நடத்துபவர்களுக்குக் கிடைக்கும் பங்குக்குக் கேரி என்று பெயர். வழக்கமாக 20 சதவீதம். அதுவும் உடனே கைக்கு வராது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாகும்.

வங்கியில் டீல் கையெழுத்தானால் உங்கள் வேலை முடிந்தது. ஃபண்டில் அன்றைக்குத்தான் வேலை தொடங்குகிறது. ஹில்டன் ஹோட்டல் நிறுவனத்தை பிளாக்ஸ்டோன் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் 2007-இல் வாங்கியது. அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்தது. 2013-இல் அதைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்து, கடைசிப் பங்கை விற்று வெளியேறியபோது 2018 ஆகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் ஒரு முதலீட்டோடு வாழ வேண்டிய தொழிலில், ஓராண்டில் கிளம்பிவிடுகிற ஆள் என்றால் யோசிக்கத்தான் செய்வார்கள். குழுவும் சிறியது என்பதால், ஒருவர் போனாலே வேலை தடுமாறும்.

ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: தொடங்கியதை முடிக்கிற ஆள் நீங்கள் என்பது. இனி வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 2: ஒவ்வொரு மாற்றத்தையும் தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள். ஏன் கிளம்பினீர்கள், அங்கே எதை முழுமையாக முடித்தீர்கள், அங்கிருந்து உங்களுக்காகப் பேசக்கூடியவர் யார்.

காரணங்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும். குழு கலைக்கப்பட்டது, வங்கி இன்னொன்றோடு இணைந்தது என்பது ஒரு வகை. அதைச் சொல்லத் தயங்கவே வேண்டாம். இன்னும் நல்ல டீல்கள், இன்னும் பொறுப்பான வேலை என்று தேடிப் போனது இரண்டாவது. மேலதிகாரியோடு ஒத்துவரவில்லை, வேலை நேரம் தாங்கவில்லை, அதிக போனஸ் கிடைத்தது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகைதான் கடினம். ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். எல்லா மாற்றங்களுமே அந்த வகை என்றால், விண்ணப்பிக்கும் முன் படி 3-ஐக் கவனமாகப் படியுங்கள்.

ஒரே வங்கிக்குள் குழு மாறியிருந்தால், ரெஸ்யூமேயில் ஒரே வங்கிப் பெயருக்குக் கீழே இரண்டையும் போடுங்கள். பயிற்சிப் பணியைப் பயிற்சி என்றே குறிப்பிடுங்கள். பலருடைய ரெஸ்யூமே உண்மையில் இருப்பதைவிட அதிக மாற்றங்களைக் காட்டுவது இதனால்தான். ஆனால் தேதிகளை மட்டும் நீட்டாதீர்கள். வேலை உறுதியாகும் முன் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். இரண்டு மாத இடைவெளியை மறைத்தது தெரிந்தால் ஆஃபரே போய்விடும். அந்த இடைவெளியை நேராகச் சொல்லியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள்.

படி 3: இப்போதே மாறலாமா என்று முடிவெடுங்கள்

இப்போதைய வேலையில் ஓராண்டுகூட ஆகவில்லை, ஒரு டீல்கூட முடியவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளும், தொடக்கம் முதல் இறுதி வரை நீங்கள் இருந்த ஒரு டீலும் கையில் இருந்தால், பழைய மாற்றங்களின் எடை பாதியாகிவிடும். காத்திருப்பது கஷ்டம்தான், தெரியும். ஆனால் இந்த நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பலன் தரும் வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் குழுவே மூடப்படுகிறது என்றால் மட்டும் கதை வேறு; உடனே தேடத் தொடங்குங்கள்.

படி 4: பதிலைச் சுருக்கமாகத் தயார் செய்யுங்கள்

"ஏன் இத்தனை மாற்றம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒரு மாதிரி:

"முதலில் பங்கு வெளியீட்டுக் குழுவில் இருந்தேன். நிறுவனங்களை ஆழமாக மதிப்பிடும் வேலை அங்கே குறைவு என்பதால், எம் அண்ட் ஏ குழு (நிறுவனங்களை வாங்குவது, விற்பது, இணைப்பது) வலுவாக இருந்த வங்கிக்குப் போனேன். பதினான்கு மாதத்தில் அந்தக் குழு கலைக்கப்பட்டது. இப்போது மருத்துவத் துறைக் குழுவில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டு நிறுவன விற்பனைகளை முதல் நாள் முதல் கையெழுத்து வரை செய்தேன். விற்ற பிறகு அந்த நிறுவனங்கள் என்ன ஆயின என்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன். வாங்குபவர் பக்கத்தில் இருந்து வேலை செய்யத்தான் இங்கே வந்திருக்கிறேன்."

இதில் யாரையும் குறை சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒவ்வொரு நகர்வும் நிறுவனங்களை மதிப்பிடும் வேலைக்கு இன்னும் நெருக்கமாகப் போகிறது. உங்கள் கதையிலும் அப்படி ஒரு இழை உண்மையாகவே இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாத இழையைத் திரிக்க வேண்டாம். அடுத்த இரண்டு கேள்வியில் அறுந்துவிடும். "முதல் வேலையைச் சரியாக விசாரிக்காமல் எடுத்தேன், அப்புறம் எதை விசாரிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்" என்று நேராகச் சொல்பவரை நம்புவது எளிது.

படி 5: ரெஸ்யூமேயும் டீல் பட்டியலும்

ரெஸ்யூமே ஒரு பக்கம். அதோடு தனியாக ஒரு டீல் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: துறை, டீலின் அளவு, நீங்கள் செய்தது, முடிந்ததா இல்லையா. முடிந்த டீல்கள் மேலே வரட்டும். வெளியே அறிவிக்கப்படாத டீலின் பெயரைப் போடவே கூடாது. "நடுத்தர அளவு மருந்து நிறுவனம், விற்பனைத் தரப்பு ஆலோசனை" என்றால் போதும். ரகசியம் காக்காத ஆளை எந்த ஃபண்டும் தொடாது.

படி 6: சரியான கதவைத் தட்டுங்கள்

அமெரிக்காவின் மிகப் பெரிய ஃபண்டுகளில் பல, ஆன் சைக்கிள் என்ற முறையில், வங்கியில் புதிதாகச் சேர்ந்த அனலிஸ்ட்டுகளையே வெகு முன்னதாகத் தேர்ந்தெடுத்துவிடும். ஃபண்டுகளுக்கு ஆள் தேடித் தரும் ஹெட்ஹன்டர்கள்தான் அங்கே வாயிற்காப்பாளர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வரையறைக்குள் அடங்காத ரெஸ்யூமே முதல் சுற்றிலேயே கழிந்துவிடும். அடிக்கடி மாறியவருக்கு அந்த வழி குறுகல்.

ஆஃப் சைக்கிள்தான் உங்கள் வழி. நடுத்தர, சிறிய ஃபண்டுகள் தேவை வரும்போது ஆள் எடுக்கும், ஃபண்டை நடத்தும் பார்ட்னரே ரெஸ்யூமேயைப் படிப்பார். நீங்கள் வேலை பார்த்த துறையில் முதலீடு செய்யும் ஃபண்டுகளிலிருந்து தொடங்குங்கள். குரோத் ஈக்விட்டி (வளரும் நிறுவனங்களில் பங்கு வாங்குவது), பிரைவேட் கிரெடிட் (வங்கிக்குப் பதிலாக ஃபண்டே நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பது) ஆகியவற்றையும் பாருங்கள். டீல்களில் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்த ஃபண்ட் ஆட்கள் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள். டீல் முடிந்தபின் அவர்களுக்கு ஒரு வரி எழுதுவது ஐம்பது விண்ணப்பங்களைவிட மேல்.

படி 7: எல்பிஓ கணக்கு கைக்கு வர வேண்டும்

எல்பிஓ என்றால் பெருமளவு கடன் வாங்கி ஒரு நிறுவனத்தை வாங்குவது. இன்டர்வியூவில் கணினி இல்லாமல், தாளில் போடச் சொல்வார்கள். எளிய கணக்கு ஒன்று பார்ப்போம்.

நிறுவனத்தின் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம், கடன்தீர்ப்பு இவற்றைக் கழிக்கும் முன் உள்ள லாபம், 100. அதைப் போல் 10 மடங்கு விலை கொடுத்தால் 1000. இதில் கடன் 500, ஃபண்டின் பணம் 500. ஐந்து ஆண்டுகளில் எபிட்டா 150 ஆகிறது. வந்த பணத்தில் 200 கடன் அடைந்து, கடனில் 300 மிச்சம். அதே 10 மடங்கில் விற்றால் 1500. கடனைக் கழித்தால் ஃபண்டுக்கு 1200.

500 போட்டு 1200 எடுத்தால் 2.4 மடங்கு. ஐந்து ஆண்டுகளில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 19 சதவீத ஐஆர்ஆர், அதாவது போட்ட பணம் ஆண்டுதோறும் கூட்டு வட்டி போல் வளர்ந்த விகிதம். மனதில் வைத்துக்கொள்ள: ஐந்து ஆண்டுகளில் 2 மடங்கு என்றால் சுமார் 15 சதவீதம், 3 மடங்கு என்றால் சுமார் 25.

இதோடு நிறுத்தாதீர்கள். லாபம் 700-இல் 500 எபிட்டா வளர்ச்சியால் வந்தது, 200 கடன் அடைந்ததால் வந்தது, விலை மடங்கு உயர்ந்ததால் எதுவும் வரவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். "எபிட்டா 150 ஆகாமல் 120-இல் நின்றால்?" என்று அடுத்து கேட்பார்கள். கடன் அதே 300 என்றே வைத்தாலும் கையில் 900 தான், 1.8 மடங்கு. வளர்ச்சி குறைந்தால் கடனும் அவ்வளவு அடையாது என்பதையும் நீங்களே சேர்த்துச் சொன்னால், வாங்குபவரைப் போல் யோசிக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். தாளில் சரளமான பிறகு எக்செல்லில் முழு மாடலைக் கட்டிப் பழகுங்கள். மாடலிங் டெஸ்டில் சில மணி நேரம்தான் தருவார்கள்.

படி 8: ரெஃபரன்ஸ்

உங்களுக்காகப் பேச, பழைய வேலை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மேலதிகாரி. "நல்ல பையன்" என்பவரைவிட "நடுவில் விட்டுப் போகவில்லை, டீலை முடித்துவிட்டுத்தான் போனார்" என்பவர் வேண்டும். நீங்கள் பெயர் கொடுக்காத ஆட்களிடமும் ஃபண்ட் தனியாக விசாரிக்கும். ஆகவே கசப்போடு கிளம்பிய இடம் இருந்தால், அங்கே நல்லபடியாகப் பேசக்கூடிய ஒருவரையாவது முன்கூட்டியே தொடர்புகொள்ளுங்கள்.

படி 9: ஆஃபர் வந்ததும் நீங்களும் விசாரியுங்கள்

அடுத்ததும் ஓராண்டில் முடிந்தால் இந்தத் துறையில் இன்னொரு வாய்ப்பு கிடைப்பது அரிது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் தயங்காமல் கேளுங்கள். இப்போதைய ஃபண்டில் எத்தனை ஆண்டு மிச்சம், அடுத்த ஃபண்டுக்குப் பணம் திரட்டத் தொடங்கிவிட்டார்களா, கேரி எந்தப் பதவியிலிருந்து, எத்தனை ஆண்டில் உரிமையாகும், அசோசியேட்டாகச் சேர்ந்து மேலே வந்தவர் யாராவது இருக்கிறாரா. அந்தக் குழுவை விட்டுச் சமீபத்தில் போன ஒருவரிடமும் முடிந்தால் பேசிவிடுங்கள்.