நீச்சல் குளத்துக்கு மலிவு விலை ரோபோ: புதுச்சேரி, கடலூர் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல் குளத்துக்குள் இறங்கித் தானாகவே சுத்தம் செய்யும் ரோபோக்களில், குறைந்த விலையில் வருபவை எல்லாமே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். பொருத்தமான குளத்தில் இறக்கினால் அதே ரோபோ நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆன்லைனில் தள்ளுபடி போட்டிருக்கும் அன்றைக்குப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டு வாங்கிவிடுகிறோம். நம் குளம் என்ன அளவு, உள்ளே என்ன டைல்ஸ், அதில் தினமும் என்ன வந்து விழுகிறது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஈ.சி.ஆர். ஓரமாக வில்லாக்களும் ஹோம்ஸ்டேக்களும் பெருகிவிட்ட இந்தப் பக்கத்தில், வாங்கிய சில மாதங்களிலேயே மோட்டார் ரூம் மூலைக்குப் போய்விடும் ரோபோக்கள் எத்தனையோ. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணம், அப்படிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு அளவுக் கணக்கில். ‘இத்தனை சதுர அடிக்குப் போதும்’ என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் தரைக்கு மட்டும்தான். 30 அடிக்கு 15 அடி குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 450 சதுர அடி. சராசரி ஆழம் நாலரை அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 405 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட இன்னொரு தரை. மலிவு மாடல்களில் பல சுவரே ஏறாது, ஏறுகிறவற்றிலும் சில தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே திரும்பிவிடும். நம் ஊர்க் குளங்களில் அழுக்கு மோசமாகச் சேர்வதோ அந்தத் தண்ணீர் மட்டத்தில்தான். தலையில் தேங்காய் எண்ணெயோடு பிள்ளைகள் குதிக்கிறார்கள், மேலே பூசிய சன்ஸ்கிரீன் கரைகிறது, தூசி அதில் ஒட்டுகிறது. ஒரு வாரம் விட்டால் டைல்ஸில் விரலால் தொட்டால் வழுக்கும் ஒரு கறுப்புப் பட்டை சுற்றிலும் ஓடும். தரை ரோபோ அதைத் தொடவே தொடாது. அதைக் கையால் தேய்க்க ஆள் இருந்தால் தரை ரோபோவே போதும், இல்லையென்றால் ‘வாட்டர்லைன்’ வரை ஏறும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கும் மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

சுவர் ஏறுமா என்று கேட்பவர்கள்கூட பிரஷ்ஷைப் பற்றிக் கேட்பதில்லை. நம் பக்கத்தில் பெரும்பாலும் வழவழப்பான டைல்ஸ் குளங்கள்தான். சொரசொரப்பான சிமெண்ட் சுவருக்கென்று செய்த கெட்டி ரப்பர் பிரஷ் இதில் பிடிக்காது, பாதி ஏறி வழுக்கிக் கீழே வரும். டைல்ஸுக்கு பி.வி.ஏ. எனப்படும் ஸ்பாஞ்ச் மாதிரியான பிரஷ் வேண்டும். சில கம்பெனிகள் அதைத் தனியாக விற்கின்றன, சில மலிவு மாடல்களில் மாற்றவே வழியில்லை. வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

குளத்தின் வடிவத்தையும் ஒரு தடவை நின்று பாருங்கள். மூன்றடியில் தொடங்கி ஆறடிக்குச் சரியும் தரை, உள்ளே இறங்கும் படிக்கட்டு, குழந்தைகளுக்காக ஓர் ஓரத்தில் விட்ட ஆழமில்லாத மேடை, நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் டிரெயின் மூடி, இவையெல்லாம் ரோபோவைத் தடுக்கும். சில பேட்டரி மாடல்களில் ‘தட்டையான தரைக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் எங்கோ இருக்கும். தண்ணீர் குறைந்தபட்சம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர் வழிந்தோடும் இன்ஃபினிட்டி குளம் என்றால் இன்னும் கவனம். சுவர் ஏறும் ரோபோ விளிம்பைத் தாண்டிப் போய்க் காற்றை உறிஞ்சத் தொடங்கும்.

அடுத்து குளத்தில் விழும் குப்பை. வெளிநாட்டு ரிவ்யூக்களை நம்பி ஏமாறுவது பெரும்பாலும் இந்த விஷயத்தில்தான். அங்கே குளத்தில் விழுவது வேறு, இங்கே விழுவது வேறு. பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம் பக்கம் வீடு என்றால் சவுக்கு ஊசியும் செம்மண்ணும். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய இடமென்றால் மணல். ஊருக்குள் இருந்தால் வேப்பிலை, புங்கம்பூ, சித்திரையில் வேப்பம்பூ. ஒவ்வொன்றும் ரோபோவை ஒவ்வொரு விதமாகப் படுத்தும். சவுக்கு ஊசி பிரஷ் உருளையின் இரண்டு முனையிலும் சுற்றிக்கொள்ளும், அதைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வேப்பம்பூ வலையில் ஈரமாக அப்பிக்கொண்டு உறிஞ்சும் வேகத்தைக் குறைத்துவிடும். ரோபோ ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எதையும் எடுக்காது. மணல் கனமானது, மோட்டார் பலமாக உறிஞ்சினால்தான் மேலே வரும். மலிவு மாடல் பலவற்றில் மணல் ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

ஃபில்டரில் மைக்ரான் கணக்கு என்று ஒன்று உண்டு, வலையின் ஓட்டை எவ்வளவு சின்னது என்பதைச் சொல்வது அது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 180 மைக்ரான் வலை இலையையும் பூவையும் பிடிக்கும், நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான்தான் என்பதால் தூசியெல்லாம் அதில் புகுந்து வெளியே போய்விடும். 50, 60 மைக்ரான் என்று நுண்ணிய ஃபில்டர் போட்டால் தூசி நிற்கும், ஆனால் இலை விழும் குளத்தில் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு வகை ஃபில்டரும் மாற்றிப் போடக்கூடிய மாடல் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதை எடுப்பது நல்லது. ஃபில்டர் கூடையை மேலிருந்து எடுக்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரோபோவைக் கவிழ்த்துத்தான் திறக்க வேண்டும் என்றால் எடுத்த குப்பையில் பாதி திரும்பக் குளத்துக்கே போகும்.

செம்மண் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரோவில் சுற்றுவட்டாரத்திலும் கடலூரில் கேப்பர் மலைப் பக்கமும் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்துத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். அப்போது ரோபோவை இறக்கிவிட்டு ‘இது சரியில்லை, கலக்கல் போகவே மாட்டேன் என்கிறது’ என்று திட்டிப் பிரயோஜனமில்லை. களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே. எந்த ரோபோவின் ஃபில்டரும் அதைப் பிடிக்காது, லட்ச ரூபாய் ரோபோவானாலும் சரி. அதற்குப் பழைய வழிதான். படிகாரம் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் தண்ணீரைச் சுற்றவிட்டு, அப்புறம் பம்பை நிறுத்தி இரவு முழுக்க அசையாமல் விட வேண்டும். காலையில் அடியில் மெத்தையாகப் படிந்திருக்கும். குளத்து ஃபில்டரின் வால்வை ‘வேஸ்ட்’டில் (தண்ணீர் ஃபில்டருக்குள் போகாமல் நேரே வெளியேறும் நிலை) வைத்து, கை வேக்யூமால் மெதுவாக இழுத்து வெளியே தள்ள வேண்டும். அந்த நேரத்தில் ரோபோ உள்ளே போனால் படிந்ததையெல்லாம் திரும்பக் கலக்கிவிடும்.

பேட்டரியா, கேபிளா? என் அபிப்பிராயம் இதுதான்: சின்னக் குளம், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஓட்டினால் போதும் என்றால் பேட்டரி மாடல் வசதி. வார இறுதி தோறும் விருந்தாளிகள் வந்துபோகும் ஹோம்ஸ்டே குளத்துக்குக் கேபிள் மாடல்தான். ‘90 நிமிடம் ஓடும்’ என்பது புது பேட்டரிக்கு, காலி ஃபில்டருக்குச் சொல்லும் கணக்கு. வருஷம் போகப் போக அது குறையும். சார்ஜ் ஏற மணிக்கணக்கில் ஆகும், மழைக்கு மறுநாள் ஒரு சார்ஜ் போதாது. சார்ஜ் தீர்ந்தால் ரோபோ எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். ஓரமாக வந்து நின்றால் கம்பிக் கொக்கியால் தூக்கிவிடலாம், ஆழத்தில் நடுவில் நின்றுவிட்டால் ஒருவர் இறங்கித்தான் எடுக்க வேண்டும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம். தண்ணீரோடு சேர்த்துத் தூக்கும்போது ரோபோ கையில் நல்ல கனமாகவே இருக்கும்.

கேபிள் மாடலில் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை ஒரு பெட்டி 24, 30 வோல்ட் அளவுக்குக் குறைத்து அனுப்பும். அந்தப் பெட்டி குளத்து விளிம்பிலிருந்து மூன்று, மூன்றரை மீட்டராவது தள்ளி, மழையும் வெயிலும் படாத இடத்தில் இருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்லும். அப்படியானால் கேபிள் நீளத்தில் அந்தத் தூரத்தைக் கழித்துவிட்டு, மிச்சம் குளத்தின் கடைசி மூலை வரை எட்டுமா என்று டேப் பிடித்து அளக்க வேண்டும். எட்டவில்லை என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக் குளத்தோரம் வைப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த லைனில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ரோபோவை இறக்க வேண்டும். ரோபோ உள்ளே இருக்கும்போது யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. பேட்டரி மாடலுக்கும் இதேதான்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு தவறு, பிரான்ஸிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போது எடுத்துவரச் சொல்வது. அங்கே நிறைய வீடுகளில் குளம் உண்டு, ஜோடியாக் (Zodiac) மாதிரி பெயர் வாங்கிய பிராண்டுகள் எளிதாகக் கிடைக்கும், அங்கேயும் 230 வோல்ட் என்பதால் ஓடவும் ஓடும். ஆனால் அந்த ப்ளக்கின் எர்த் நம் சாக்கெட்டில் சேராது, நுழைந்தாலும் லூசாகத்தான் நிற்கும். தரமான அடாப்டர் போடாமல், இல்லை ப்ளக்கையே முறையாக மாற்றாமல் ஓட்டக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் பெட்டியின் பின்புற லேபிளில் 120 வோல்ட் மட்டும் போட்டிருக்கிறதா, 100 முதல் 240 வரை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலிருந்து வந்தாலும் பழுதானால் இங்கே வாரண்டி பார்க்க ஆள் இருக்கிறாரா என்பது சந்தேகம்தான்.

வாரண்டி என்றதும் ‘இரண்டு வருஷம்’ என்ற வரியோடு நின்றுவிடாதீர்கள். பேட்டரிக்குத் தனியாக எவ்வளவு என்று கேட்க வேண்டும், அது பெரும்பாலும் குறைவாக இருக்கும். சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டி வந்தால் கூரியர் செலவு யாருடையது? லித்தியம் பேட்டரி இருப்பதால் எல்லாக் கூரியர்காரர்களும் எடுக்கவும் மாட்டார்கள். பிரஷ், பெல்ட், ஃபில்டர் கூடை, இந்த மூன்றும் தனியாக வாங்கக் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த மாடல் வேண்டாம். ரிவ்யூ படிக்கும்போதும் வாங்கிய வாரத்தில் எழுதியதைத் தள்ளிவிட்டு ஒரு வருஷம் ஓட்டியவர்கள் எழுதியதைத் தேடுங்கள்.

கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. ரோபோவில் சார்ஜர் இணையும் உலோக முனையின் மேல் உப்புப் படிந்து பச்சை பூத்துவிடும், அப்புறம் சார்ஜ் ஏறவில்லை என்று பேட்டரியைக் குற்றம் சொல்வோம். ஒவ்வொரு முறை எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, அந்த முனையைத் துணியால் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு நிழலில் வைத்து சார்ஜ் போட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவியும் பயனில்லை. உப்பு குளோரினேட்டர் (தண்ணீரில் போட்ட உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி) வைத்த குளம் என்றால் அந்த உப்பளவைத் தாங்கும் மாடலா என்று கேளுங்கள். தண்ணீர் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று பல கையேடுகளில் இருக்கும், ஆகவே கத்திரியில் மதியம் வேண்டாம், விடியற்காலையில் ஓட்டுங்கள்.

ரோபோ வந்துவிட்டது, இனி பம்ப் ஓட்ட வேண்டாம், கரண்ட் மிச்சம் என்று நினைப்பதும் தப்பு. 150 வாட் ரோபோ இரண்டு மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட்தான், பம்புக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் குளோரினைத் தண்ணீர் முழுக்கக் கொண்டுபோவது பம்ப். அதை நிறுத்தினால் பாசி பிடிக்கும், பிடித்த பாசியை ரோபோ தின்னாது. பல பேட்டரி மாடல்களில் ரோபோ ஓடும் நேரத்தில் மட்டும் பம்பை நிறுத்தச் சொல்வார்கள், அது வேறு. தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7.2 முதல் 7.8 வரை, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருந்தால் ரோபோவின் ரப்பருக்கும் நல்லது. அதிகக் குளோரின் போட்டு ஷாக் கொடுக்கும் நாளில் ரோபோவை வெளியே எடுத்துவிட வேண்டும், மற்ற நாட்களிலும் வேலை முடிந்ததும் தண்ணீரிலேயே ஊறப்போடக் கூடாது.

புயல் சமயத்தில் ரோபோவும் அதன் மின் பெட்டியும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் அடித்தபோது மரக்கிளையும் சேறுமாகக் கிடந்த மாதிரியான குளத்துக்கு முதலில் வலை, அப்புறம் கை வேக்யூம், அப்புறம் குளோரின், எல்லாம் முடிந்து தண்ணீரின் அடி தெரிந்த பிறகுதான் ரோபோ.

20 அடிக்கு 10 அடிதான் குளம், மேலே மரமும் இல்லை என்றால், நேராகவே சொல்கிறேன், ரோபோ வாங்காதீர்கள். நீளக் கம்பி, வேக்யூம் ஹெட், ஹோஸ், ஒரு நல்ல பிரஷ், இவ்வளவும் ரோபோ விலையில் ஒரு சின்னப் பங்குக்கே கிடைக்கும், வேலையும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கையில் இரண்டு பிடி மணலை எடுத்து, ஆழமான மூலையில் ஒன்று, படிக்கட்டு ஓரத்தில் ஒன்று என்று தூவிவிட்டு ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். சுற்று முடிந்தும் மணல் அங்கேயே கிடந்தால் ஃபில்டரைக் கழுவி இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் கிடந்தால், ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று விற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் அன்றைக்கே திருப்பி அனுப்பப் பதிவு செய்துவிடுங்கள்.