கடலோர வீட்டுக்கு அடர் வண்ணமும் அசல் ஓவியமும்: எங்கே தவறுகிறோம்?

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குள் ஒரு முறை போய் நின்று பாருங்கள். சேதுபதிகள் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்கள் சுவரையும் விதானத்தையும் நிறைத்திருக்கின்றன. ராமாயணம், பாகவதம், அரசவை, தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் என்று எல்லாமே அழுத்தமான நிறத்தில். அந்த ஊர்க்காரர்களான நாம் இன்று மண்டபத்திலும் கீழக்கரையிலும் புது வீடு கட்டினால் ஹாலுக்கு ஐவரி, க்ரீம் தவிர வேறு எதையும் யோசிப்பதில்லை. கேட்டால், "அடர் கலர் ரெண்டு வருஷத்துல கெட்டுப்போயிடும்" என்கிறார்கள். கெட்டுப்போவது உண்மைதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் நிறத்துக்கு அடியில் இருக்கும் சுவர்.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவருக்கு ஆழ்நீலம் அடித்தோம். பூச்சு காய்வதற்குள் பட்டி பார்த்து, இரண்டு கோட் எமல்ஷனும் ஏற்றியாகிவிட்டது. அடுத்த ஐப்பசி மழையில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தோம், மறுபடியும் அதே கதை. மணலிலோ தண்ணீரிலோ செங்கல்லிலோ இருக்கும் உப்பு ஈரத்தோடு நகர்ந்து வருகிறது. ஈரம் காற்றில் போய்விடுகிறது, உப்பு மட்டும் சுவரின் முகத்தில் படிகமாகத் தங்கிப் பெயின்டைத் தள்ளுகிறது. க்ரீம் சுவரிலும் இது நடக்கும், ஆனால் வெள்ளை உப்பு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. நீலத்திலும் கருஞ்சிவப்பிலும் பளிச்சென்று தெரியும். கடைசியில் இடுப்பளவுக்குப் பூச்சை உடைத்தெடுத்து, நல்ல மணலும் நல்ல தண்ணீரும் கொண்டு புதிதாகப் பூசினோம். நன்றாகக் காயும்வரை காத்திருந்து அடித்த பிறகுதான் நீலம் நின்றது.

அதனால் புதுப் பூச்சுக்குக் குறைந்தது நான்கு வாரம் கொடுங்கள், மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக. சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. ஏற்கெனவே பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்து எடுங்கள்.

அடுத்து, ஷேட் கார்டு. கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு அங்குலச் சதுரத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கம். நம் வெளிச்சமோ மணலிலும் நீரிலும் பட்டுத் தெறித்து வருகிற வெளிச்சம். இரண்டடிக்கு இரண்டடிப் பலகை ஒன்றில் அந்த நிறத்தை அடித்து, காலையிலும் உச்சி வேளையிலும் விளக்கு போட்ட பிறகும் ஒவ்வொரு சுவராக வைத்துப் பாருங்கள். வெயில் நேரே விழும் சுவரில் பளபளக்கும் ரோஸும் ஊதாவும் சீக்கிரம் வெளுத்துவிடலாம். காவி, மஞ்சள்காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலைத் தாங்கும். எனக்கு இந்தக் கரைக்கு மிகப் பிடித்த நிறமும் காவிதான்.

சுவரை முடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக ஓவியம் தேடுவது இன்னொரு தவறு. சோபா நிறத்துக்கு மேட்ச்சாகப் படம் வாங்குவதும் இதே வகைதான். படத்தை முதலில் வாங்குங்கள். அதன் ஓரத்தில் அடங்கிக் கிடக்கும் ஒரு நிறத்தை எடுத்துச் சுவருக்குக் கொடுத்தால் படம் முன்னே வந்து நிற்கும். படத்தில் உரத்துப் பேசும் நிறத்தையே சுவருக்கும் கொடுத்தால் படம் கரைந்துபோகும். நான்கு சுவரும் வேண்டாம், ஒன்று போதும்.

அசல் என்று சொல்லி அச்சுப்படத்தைக் கேன்வாஸில் ஏற்றி விற்பதும் நடக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் அச்சு. அப்புறம், அலங்காரத்துக்கென்று பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, உலர்ந்த கடல்குதிரை எதையும் வாங்க வேண்டாம். இவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. மன்னார் வளைகுடாவுக்குள் இருக்க வேண்டியதை நம் சுவரில் மாட்டுவது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். பனை ஓலைப் பின்னலில் இங்கேயே எத்தனை அழகான வேலைப்பாடு கிடைக்கிறது!

மாட்டும் உயரத்தையும் கவனியுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் நாலே முக்கால் அடியில் இருப்பது பொது வழக்கம். ஆனால் தரையில் பாய் போட்டு உட்காரும் வீடென்றால் இன்னும் இறக்குங்கள், உட்கார்ந்தவர் கண்ணுக்குப் படம் தெரிய வேண்டும். இரும்பு ஆணி இந்தக் காற்றில் துருப்பிடித்துச் சுவரில் கோடாக வழியும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடுங்கள். காகித ஓவியம் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் மவுன்ட் அட்டை இருக்கட்டும். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் சின்னக் கார்க் துண்டுகளை ஒட்டினால் பின்னால் காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது. மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் ஒரு நாள் படங்களை எல்லாம் இறக்கி, பின்பக்கம் துடைத்து, நிழலில் உலர விட்டு மாட்டுங்கள்.