ஒரே சிரிஞ்சில் இருவருக்கு ஃபில்லர்: ஊசியை மாற்றினாலும் ஆபத்து நீங்காது

திருமணத்துக்கு முன் உதட்டுக்கு ஃபில்லர் (உதட்டைப் பருமனாகக் காட்ட ஊசியால் ஏற்றும் மருந்து) போட விரும்பி ஹட்டனிலோ பண்டாரவளையிலோ விசாரிக்கும் ஒருவரிடம், "ஒரு மில்லிலீற்றரை நீங்களும் அக்காவும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஊசியை மாற்றித்தான் போடுவேன்" என்று எவரேனும் கூறினால், செலவு எவ்வளவு குறைந்தாலும் அதை அங்கேயே மறுத்துவிட வேண்டும்.

ஊசிமுனையை மாற்றுவதால் பயனில்லை. இரத்தக்குழாயில் குத்திவிட்டோமா என்று பார்க்கச் சிரிஞ்சின் தள்ளுதண்டைப் பின்னிழுக்கும்போதும், சில வேளை இழுக்காமலே அழுத்த மாறுபாட்டாலும், கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் சிரிஞ்சுக்குள் புகுந்து மருந்தோடு கலந்துவிடும். வெளியே ஸ்பிரிட் தடவுவது அதைத் தொடுவதே இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. அதேபோல் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் 63 நாட்கள் வரை தாக்குப்பிடித்தது ஆய்வுகூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. எச்.ஐ.வி.யும் இவ்வழியே பரவலாம். உடன்பிறந்தவர் என்பதோ, பார்வைக்கு நலமாக இருப்பதோ பாதுகாப்பு ஆகாது, ஏனெனில் இந்நோய்கள் பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருக்கும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இலங்கையின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் தாம் அதைப் போட்டிருக்கிறோமா என்று பார்த்து, இல்லையெனில் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. மற்ற இரண்டுக்கும் தடுப்பூசி இல்லை.

ஊசி போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற மருத்துவரா என்று கேளுங்கள். முத்திரையிட்ட பொதியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, காலாவதித் திகதியையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய மருந்தை, உங்களுக்கே அடுத்த முறை போடுவதற்காகக்கூட, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க இடம் கொடாதீர்கள். அதில் பக்டீரியா வளர்ந்து சீழ்க்கட்டி உண்டாகலாம்.

ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்களா? அன்றே கிளம்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 24 மணித்தியாலத்துக்குள் போடுவதே சிறந்தது. தோட்டத்திலிருந்து நகருக்கு வர பஸ் பிடிக்கவே அரைநாள் போகும் என்பதால், விடுமுறை நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய இடங்களிலுள்ள அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இரகசியம் காத்து இலவசமாகக் கவனிப்பார்கள். நிலையம் மூடியிருந்தால் அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதல் நாள் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், புதிய தொற்று உடனே தெரியாது என்பதால், மருத்துவர் குறிக்கும் திகதிகளில் மீண்டும் சென்று இரத்தம் கொடுங்கள். அதுவரை இரத்ததானம் செய்யாதீர்கள். உறவின்போது ஆணுறை பயன்படுத்துங்கள். அந்தச் சிரிஞ்சைப் பகிர்ந்த மற்றவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.